கோடியக்கரையில் ஒரு முதுவேனில் நாள்

வேளாங்கண்ணிக்கு யாத்திரை செல்லாத குடும்பம் நம் பங்குகளில் அரிது. பேராலயத்தில் வழிபாட்டை முடித்து, கடலில் கால் நனைத்து, கடைவீதியில் பிள்ளைகளுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வடக்கே நாகப்பட்டினம் நோக்கித் திரும்பிவிடுவது நம்மவர் வழக்கம். தெற்கே செல்லும் சாலையை நினைப்பவர் சிலரே. அச்சாலை திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு ஆகிய ஊர்களின் வழியே ஒரு மணி நேரத்தில் வேதாரணியத்தை அடைகிறது. அங்கிருந்து உப்பளங்களின் ஊடே மேலும் 10 கிலோமீட்டர் அளவு சென்று, நிலம் முடிந்துவிடும் ஓரிடத்தில் நிற்கிறது. அவ்விடமே கோடியக்கரை.

கோடி என்றால் முனை. சோழநாட்டுக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, இங்கே முழங்கை மடங்குவதுபோல் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. இரண்டு கடல்களும் அணைத்து நிற்க, அவற்றிடையே ஒரு காடு. கடலையும் காட்டையும் ஒரே நாளில், அவசரமின்றி, கால்நடையாகவே கண்டு மகிழத்தக்க இடம் நம் கீழைக் கரையில் இதைப்போல் வேறொன்று காண்பது கடினம்.

ஆனியும் ஆடியும் முதுவேனில் என்பர் நம் முன்னோர். அந்த ஆடி முடியும் தறுவாயில், ஆகஸ்டு 15 விடுமுறைக்கு மறுநாள், நாங்கள் அங்குச் சென்றோம். எங்கள் குழுவில் எழுவர். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர். மருந்துக்கடை நண்பர், அவர் துணைவியார், அவர்களுடைய எட்டு வயதுப் பேத்தி. அஞ்சல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர். எங்கள் இல்லத்திலிருந்து இருவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே தெருவில் வாடகை வீடுகளில் குடியிருந்தபோது தொடங்கிய நட்பு எங்களுடையது.

அஞ்சல்துறை நண்பரின் துணைவியார் இறைவனடி சேர்ந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் அவர் திருமணங்களுக்கு வருவதில்லை, திருவிழாக்களுக்கும் வருவதில்லை. பூசைக்கு வருவார்; முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியே போய்விடுவார். எத்தனையோ முறை அழைத்தும் இணங்காதவர், இம்முறை சிறுமி கைபேசியில் "தாத்தா, நீங்க வந்தாத்தான் நானும் போவேன்" என்று சொன்னதால் மறுக்க இயலாமல் வந்தார்.

உப்பு விளையும் நிலம்

வேளாங்கண்ணியில் இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டோம். வேதாரணியத்தை நெருங்கியபோது முல்லைப்பூ மணம் காற்றில் வந்தது. இப்பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் முல்லை பெருமளவில் பயிராகிறது. பொழுது புலரும் முன்பே மொட்டுகளைப் பறித்துக் கூடைகளில் சேர்த்துவிடுகிறார்கள். தேநீர் அருந்திவிட்டு அகத்தியம்பள்ளியை அடைந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது.

சாலையின் இருபுறமும் உப்பளங்கள். உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டவைத்து, அங்கிருந்து சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சி, அங்கே உப்புப் பூத்ததும் வாரிக் கரையில் குவிக்கிறார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இங்கேதான். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் தொழில் நின்றுபோகும். ஆகவே ஆடி, ஆவணி நாள்களில் ஒரு நாள் வெயிலையும் வீணாக்க இவர்களால் முடியாது. வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும் என்று, இருளிலேயே பாத்தியில் இறங்கிய ஆண்களும் பெண்களும் நாங்கள் சென்ற நேரத்தில் பாதி வேலையை முடித்திருந்தனர். உவர்நீரில் ஊறி வெடித்த அவர்கள் பாதங்களைக் கண்ட சிறுமி, தன் காலணிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

இங்கேதான் 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. அதன் நினைவுத் தூண் அருகில் நின்று ஆசிரிய நண்பர் கதையைச் சொன்னார். இராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய 100 தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்டனர். ஏப்ரல் 28 அன்று வேதாரணியம் சேர்ந்து, 30-ஆம் நாள் தடையை மீறி உப்பெடுத்தனர். உள்ளூரில் அவர்களுக்கு உறுதுணையாய் நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. நடைப்பயணம் செல்வோருக்கு உணவும் இடமும் கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் எச்சரித்திருந்தார். மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? உணவுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போயினர். கொடுத்தவர் யாரென்று தெரியாது, உண்டவர் பசியாறினர்.

"அப்போ மரம்தான் சோறு போட்டுச்சா?" என்று கேட்டாள் பேத்தி. அன்று காலை முதல் வாய் திறவாதிருந்த அஞ்சல்துறை நண்பர், "ஆமாம்மா, மரத்தைச் சிறையில போட முடியாதுல்ல" என்றார். அன்று நாங்கள் கேட்ட அவருடைய முதல் சொற்கள் அவை.

இரு கடல்களின் கரை

கோடியக்கரைக் கடற்கரையில் அக்காலை எங்களைத் தவிர மிகச் சிலரே இருந்தனர். ஐப்பசி முதல் பங்குனி வரை வேறு பல ஊர்களிலிருந்தும் மீனவர்கள் இங்கு வந்து, கீற்றுக் கொட்டகை அமைத்துத் தங்கித் தொழில் செய்வார்கள். வவ்வாலும் காலாவும் ஏலம் போகும் ஆரவாரம் அப்போது பெரிதாயிருக்கும். ஆடியிலோ கரை ஓய்ந்து கிடந்தது. இரண்டொரு படகுகள் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. ஒரு முதியவர் வலையின் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

நீர் விளிம்பை ஒட்டி நடந்தோம். உயர்மணலில் அடும்பின் கொடிகள் ஊதாப் பூக்களோடு படர்ந்திருந்தன. இராவணன் மீசை என்னும் முள்ளுருண்டைகள் காற்றில் உருண்டு ஓட, சிறுமி அவற்றைத் துரத்தி ஓடினாள். அடும்பும் இராவணன் மீசையும் அழகுக்காக மட்டும் அங்கே இல்லை. அவற்றின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துவதால்தான் மேடுகள் நிலைக்கின்றன. மேடுகள் நிலைப்பதால் பின்னுள்ள காட்டுக்குள் உப்புக்காற்றின் வேகம் குறைகிறது. தை, மாசியில் இதே மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறிவந்து முட்டையிடும். வனத்துறையினர் அம்முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

முனையை நெருங்கியதும் காற்றின் போக்கு வேறுபட்டதை உணர்ந்தோம். கிழக்குமுகக் கரையில் முதுகைத் தள்ளிய காற்று, தெற்கே திரும்பியதும் முகத்தில் அறைந்தது. நீரிணைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத தொலைவில், யாழ்ப்பாணம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இவ்விடம் புதிதன்று. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அப்புதினத்தில், வந்தியத்தேவன் ஈழம் செல்லப் படகேறுவது இக்கரையிலிருந்துதான். படகைச் செலுத்தும் பூங்குழலி இவ்வூர்ப் பெண். அக்கதையில் வரும் கலங்கரை விளக்கத்தை நினைவூட்டும் வகையில் சோழர் காலத்தது எனப்பட்ட பழைய செங்கற் கட்டடம் ஒன்று அண்மைக் காலம் வரை இங்கு நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அதை வீழ்த்தியது. அன்று தமிழ்நாட்டிலேயே நாகை மாவட்டந்தான் மிகப்பெரிய உயிரிழப்பைக் கண்டது. அக்கரையில் உறவை இழந்த குடும்பங்கள் நம் வாசகரிடையேயும் உண்டு.

சிதைந்த செங்கற்களின் அருகில் நாங்கள் அதிகம் பேசவில்லை. அஞ்சல்துறை நண்பர் எல்லாருக்கும் பின்னால் தனியே வந்தார். யாரும் யாரிடமும் சொல்லாமலே எங்கள் நடை தளர்ந்தது. அவர் எங்களை எட்டியபோதும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, முன்போல் நடந்தோம். நாற்பதாண்டு நட்பில் இவ்வளவாவது கற்றிருக்கிறோம்.

விழுந்து எழுந்த காடு

வெயில் ஏறியதும் காட்டுக்குத் திரும்பினோம். வெளிமான்களைக் காப்பதற்காக 1967-ஆம் ஆண்டு இது வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. 2002-இல் உலகின் இன்றியமையாத ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் சேர்ந்த முதல் இடம் இதுவே. 2022-ஆம் ஆண்டு வரை ஒரே இடமும் இதுவே. சோதனைச் சாவடியில் சீட்டுப் பெற்று, கோடியக்காட்டு முதியவர் ஒருவர் வழிகாட்ட உள்ளே நுழைந்தோம்.

மலைக்காடுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இக்காடு முதலில் ஏமாற்றமாய்த் தோன்றலாம். வானளாவிய மரங்கள் இல்லை. உயரம் குறைந்து, கிளைகள் பின்னி, முட்புதர் மண்டிக் கிடக்கும். ஆனால் கோடையிலும் இலை உதிர்க்காத காடு இது. மழை ஆண்டில் சில மாதங்களே பெய்தாலும், தடித்த சிற்றிலைகளில் நீரைக் காத்துக்கொண்டு பச்சை மாறாமல் நிற்கும் அரியவகைக் காடு. பாலை, நாவல், காசா, களா, சூரை என்று முதியவர் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டிச் சென்றார். இங்குள்ள பாலையின் கட்டை இரும்பை ஒத்தது; உலக்கை செய்ய உகந்ததாகையால் உலக்கைப்பாலை என்றும் பெயர். அதன் மஞ்சள் நிறப் பழங்களின் காலம் முடிந்திருந்தது. நாவலின் கடைசிப் பழங்கள் சில தரையில் கிடந்தன. சிறுமியின் நாக்கு ஊதா ஆயிற்று.

சிறிது தூரம் சென்றதும் காட்டின் கூரை திறந்துகொண்டது. வேரோடு சாய்ந்த பெருமரங்கள் கரைந்து கிடந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலின் வேலை அது. அந்த இரவில் இப்பகுதியின் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் சாய்ந்தன. பல தலைமுறைச் சொத்து ஒரே இரவில் விறகாயிற்று. காட்டில் மான்களும் குதிரைகளும் மடிந்தன.

"காடே போச்சுன்னுதான் ஐயா நினைச்சோம்" என்றார் முதியவர். பிறகு ஒரு பாலையின் முறிந்த அடிமரத்தைக் காட்டினார். அதன் பக்கத்திலிருந்து நான்கைந்து தளிர்க்கம்புகள் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்திருந்தன. "வேரு உள்ள இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல."

இக்காட்டை நட்டவர் எவருமில்லை. பழம் தின்ற கொண்டைக்குருவியும் நரியும் குரங்கும் கொட்டை விதைத்து வளர்த்தவை பல. ஆனால் அதே வழியில் தீங்கும் பரவுகிறது. வெளியிலிருந்து வந்த சீமைக்கருவேலத்தின் நெற்றுகளை இங்குள்ள காட்டுக் குதிரைகள் தின்று, சாணத்தோடு விதைகளைப் புல்வெளியெங்கும் பரப்புகின்றன. புல் அழிந்தால் மானுக்கு மேய்ச்சல் இல்லை. வனத்துறையினர் சீமைக்கருவேலத்தை அகற்றி வருகின்றனர். அது மீண்டும் மீண்டும் முளைக்கிறது. முடிவில்லாத பணி அது.

துணை

உச்சிப்பொழுதில் நிழலில் அமர்ந்து, வாழையிலையில் கட்டி வந்த புளிச்சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பகிர்ந்துண்டோம். முதியவருக்கும் ஓர் இலை விரிக்கப்பட்டது. குரங்குகள் வந்து கிளைகளில் காத்திருந்தன. அவற்றுக்கு எதுவும் போடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயணிகள் வீசும் தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு, காட்டுப் பழத்தை மறந்து சாலையோரத்தில் வண்டியில் அடிபட்டுச் சாகிறது என்றார்.

அங்கேதான் ஆசிரிய நண்பர் கோடிக்குழகர் கோயிலைப் பற்றிச் சொன்னார். கோடியக்காட்டில் உள்ள அப்பழைய சிவாலயத்துக்குச் சுந்தரர் வந்தார். ஒருபுறம் கடல், மறுபுறம் அடர்ந்த காடு, அக்கம்பக்கத்தில் குடிகள் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் துணையின்றித் தனியே இருப்பது ஏன் என்று இறைவனையே பார்த்து மனமுருகிக் கேட்டுப் பதிகம் பாடினார்.

"இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு" என்றார் ஆசிரியர். "அன்று சுந்தரர் தனியாக வரவில்லை. அவருடைய ஆருயிர் நண்பர் சேரமான் பெருமாளும் உடன் வந்தார் என்கிறது பெரியபுராணம். பக்கத்தில் தோழன் இருந்ததால்தான் தனிமை எத்தனை கொடியது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. அஞ்சல்துறை நண்பர் இலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ இருந்தப்போ தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் நடப்போம். அவ போனப்புறம் நான் அந்தத் தெருவுல நடந்ததே இல்ல. இன்னிக்குத்தான் இவ்வளவு தூரம் நடந்திருக்கேன்."

மருந்துக்கடை நண்பரின் துணைவியார், "அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கு" என்றார். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் அப்பேச்சு வளரவில்லை. வளர வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வெளியில் மான்கள்

வெயில் தணிந்ததும் இராமர் பாதம் என்னும் மேட்டில் ஏறினோம். ஏறினோம் என்பதுகூட மிகைதான். புகலிடத்திலேயே மிக உயரமான அவ்விடம் கடல்மட்டத்துக்கு 4 மீட்டர் உயரமே. கல்லில் பொறித்த இரு பாதங்களை அங்கு வைத்து வணங்குகிறார்கள். நிலம் இவ்வளவு தட்டையாய் இருப்பதால், அச்சிறு மேட்டிலிருந்தே சுற்றிலும் நெடுந்தொலைவு பார்வை செல்கிறது.

அங்கிருந்து புல்வெளிக்கு வந்தபோது மான்களைக் கண்டோம். வெட்டவெளியில் வாழ்வதால் வெளிமான். முறுக்கிய நெடுங்கொம்புகளும் கரிய முதுகும் வெண்வயிறுமாய் ஒரு கலைமான் தலை நிமிர்ந்து நின்றது. அதைச் சூழ்ந்து பழுப்புநிறப் பிணைமான்கள் இருபதுக்கு மேல் மேய்ந்தன. ஒன்று துள்ளியதும் அடுத்தடுத்து அனைத்தும் துள்ளி ஓடி, சிறிது தொலைவில் ஒருங்கே நின்றன. சிறுமி அஞ்சல்துறைத் தாத்தாவின் கையைப் பற்றிக்கொண்டு மூச்சுவிடவும் மறந்து நின்றாள்.

சதுப்பு நிலத்தின் விளிம்பில் சிறு உள்ளான்கள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. கைக்குள் அடங்கும் அப்பறவைகள் வட துருவத்தை அடுத்த சைபீரிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கு வலசைப் பறவைகளின் கால்களில் எண்ணிட்ட வளையம் பூட்டி, அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்து வருகின்றனர். ஆகஸ்டில் வருபவை முன்னோடிகள் மட்டுமே. ஐப்பசிக்குப் பின் பூநாரைகள் உட்பட பெருங்கூட்டங்கள் வந்து, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை பரந்த சதுப்பை நிறைக்கும்.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை வேளாங்கண்ணி செல்லும்போது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளி வரை அகலப்பாதையில் ரயில் 2023 ஏப்ரலில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வேதாரணியத்திலிருந்து பேருந்தும் உண்டு. குடிநீரும் உணவும் எடுத்துச் செல்லுங்கள். நெகிழிப் பைகளைக் காட்டில் விட்டு வராதீர்கள், மான்கள் அவற்றைத் தின்றால் மடியும். பாட்டுப்பெட்டி வேண்டா. வயதில் மூத்தவர் ஒருவரையும் ஒரு குழந்தையையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நடக்கும் வேகமே அவ்விடத்துக்குப் பொருத்தமான வேகம். துயரத்தில் வீட்டுக்குள் ஒடுங்கிய நண்பர் எவரேனும் இருந்தால் அவரை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். ஆறுதல் மொழிகளைத் தேடித் திகைக்க வேண்டியதில்லை. உடன் நடந்தால் போதும்.

மாலை வண்டியில் ஏறும் முன் அஞ்சல்துறை நண்பர் வழிகாட்டி முதியவரைத் தனியே அழைத்து ஏதோ கேட்டுவிட்டு வந்தார். என்னவென்று வினவினோம். "பூநாரை கார்த்திகையிலயா மார்கழியிலயா நிறைய வரும்னு கேட்டேன்" என்றார். "மார்கழின்னா பனி இருக்கும். எல்லாரும் கம்பளி எடுத்துக்கணும்."